பின்கால் தெரிகிற டிவி

1

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்து இன்ச் இல்லை. ஐம்பது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அது நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகிறது. இன்னும் ஒரு வாரம் விட்டால் எங்கள் வீட்டு வாசல் வழியே அது நுழைந்திருக்கவே முடியாது. "பேச்சி கரமனையில தியேட்டர் கெட்டிட்டா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "டைல்ஸ் ஒட்டுதவன் வீட்டுக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய டிவி" என்று இன்னொருவர். யார் யார் என்று பெயர் போடவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னோடு படித்தவர்கள், பாவம்.

பள்ளிக்கூட மலருக்காக, வெளிமாநிலத்தில் இருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கல்யாணமாகித் திருவந்தரம் கரமனைக்கு வந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது வருஷம். பொன்முடி மூடுபனியைப் பற்றியும் சிவப்பரிசிச் சோற்றைப் பற்றியும் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பொன்முடிக்கு இரண்டு தடவைதான் போயிருக்கிறேன், இரண்டு தடவையும் வாந்தி. அதனால் டிவியைப் பற்றியே எழுதுகிறேன். எப்படியும் நீங்கள் அதைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை பார்க்கிறார். நான் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில் காலை ஆறு மணியிலிருந்து தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறேன். எங்கள் ஒரே மகள் மகேஸ்வரி. மகி என்றுதான் கூப்பிடுவோம். பதினேழு வயது. கபடி ஆடுகிறாள். இந்த வருஷம் கேரளாவின் ஜூனியர் பெண்கள் அணியில் எடுத்தார்கள். வடக்கே ஏதோ ஒரு ஊரில் போட்டி, போக மூன்று நாள் ரயில். நான் கூடப் போக முடியாது. போட்டியை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள் என்றாள். யாரோடு ஆட்டம் என்று கேட்டேன். தமிழ்நாட்டோடு என்றாள்.

அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் டிவி வாங்கினேன். என் சம்பளத்தில்தான் வாங்கினேன். போதுமா?

2

அவள் அந்த அணிக்குள் போனது எப்படி என்று தெரிந்தால், அவள் அங்கே நிலைப்பதில் எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்பது உங்களுக்குப் புரியும்.

அவளுடைய ஆதாரில் நம் ஊர் விலாசம். ரேஷன் கார்டு அங்கே இருக்கிறதே என்று நாங்கள் மாற்றாமலே விட்டது. அணித் தேர்வுக்கு இங்கே குடியிருக்கிற சான்று வேண்டும் என்றார்கள். வில்லேஜ் ஆபீசில் போய் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாடு எவிடெயா?"

"திருநெல்வேலி சார்."

"அப்போ குட்டிக்கு அவிடெ களிச்சூடே?"

பிள்ளை அங்கேயே போய் ஆடினால் என்ன என்று கேட்கிறார். சரி, அங்கேயே போய்ப் பார்ப்போம் என்று லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அங்கே ஆபீசில் இருந்தவர் நல்ல மனுஷர்தான். "பிள்ள பொறந்தது அங்க, படிக்கது அங்க, நீங்க குடியிருக்கது அங்க. இங்க வந்து என்னத்தம்மா கேக்கிய?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பந்தியில் இரண்டு வரிசைக்கும் நடுவில் உட்கார்ந்தவளுக்கு இரண்டு பக்கமும் இலை போடாத கதை.

திரும்பி வந்தேன். வீட்டுச் சொந்தக்காரரான உடமஸ்தனிடம் ஒரு காகிதம், பள்ளிக்கூடத்தில் ஒரு காகிதம், மகி பிறந்த ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அந்த மேசைக்கு ஒன்பது தடவை போனேன். ஒன்பதாவது தடவை அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். என் முகத்தை இனிப் பார்க்க முடியாது என்றுதான் கையெழுத்துப் போட்டார் என்று நினைக்கிறேன். எதற்காகப் போட்டால் என்ன, கையெழுத்து கையெழுத்துதான்.

ஆனால் காகிதத்தில் சேர்ந்துவிட்டால் மனசில் சேர்ந்ததாகாது. மகி நன்றாக ஆடினால் "நம்முடெ குட்டி" என்பார்கள். சொதப்பினால் "தமிழத்தி" என்பார்கள். அவளுக்கு அது தெரியும். அதனாலேயே அவள் மைதானத்தில் வாயைத் திறந்தால் மலையாளம் மட்டும்தான். வீட்டில் சண்டை போடுவதும் மலையாளத்தில்தான். பசித்தால் மட்டும் தமிழ் வரும்.

3

நம் பள்ளிக்கூட மைதானத்தில் நானும் ஆடியவள் என்பது இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியாது. பதினோராம் வகுப்பில் முட்டி பிசகியது. பி.டி. டீச்சர் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. "ஓட முடியாட்டா என்னட்டி, கண்ணு இருக்குல்லா" என்று சொல்லிக் கோட்டோரம் நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் பெண்கள் ஆட்டம் அத்தனைக்கும் நான்தான் கோடு பார்த்தேன்.

கபடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிரணியில் ஆறு பேராவது களத்தில் நிற்கும்போது, ரெய்டு போகிறவள் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைக்க வேண்டும். அதே நேரத்தில் அவளுடைய மற்றக் கால் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி. வேடிக்கை பார்க்கிற கூட்டம் முழுக்க முன்காலைத்தான் பார்க்கும். கோடு தாண்டியது, போனஸ் என்று கத்தும். கோடு பார்க்கிறவள் பின்காலைப் பார்க்க வேண்டும். டீச்சர் எனக்குச் சொன்னது அது ஒன்றுதான். அதற்கு மேல் சொல்லவும் ஒன்றும் இல்லை.

மகிக்கு அந்தப் பின்காலில்தான் கோளாறு. முன்கால் சட்டென்று போய்விடும். பின்கால் பெருவிரல் மட்டும் தரையை விட மனசில்லாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எனக்கு அது சந்தேகம்தான், நிச்சயமில்லை. ஹோட்டல் வேலை காரணமாக அவள் ஆட்டம் எதற்கும் நான் நேரில் போனதில்லை. தோழி போனில் பிடித்த வீடியோவைத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் கால் எங்கே, விரல் எங்கே? பழைய டிவியில் போட்டுப் பார்த்தாலும் எல்லாம் ஒரே கலங்கல். சொன்னால் கோபம் வரும். "அம்மா, நீ பழய களி பறயண்டா" என்பாள். நீ உன் காலத்து ஆட்டத்தைப் பேசாதே என்று அர்த்தம்.

"போன்லயே பாத்தா மதி, ஏட்டி" என்றார் வீட்டுக்காரர். மதி என்றால் போதும். பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலும் மலையாளம் ஏறிவிட்டது.

"மதியாவாது" என்றேன்.

4

கடைக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே படம்: தேன் மெதுவாக வழிகிறது, கிளி சிறகை விரிக்கிறது, பனி விழுகிறது. எந்த டிவியைப் பார்த்தாலும் வாங்க வேண்டும் போல இருக்கிறது. அவசரமே இல்லாத தேனை எந்த டிவிதான் அழகாகக் காட்டாது?

விற்கிற தம்பி நேராக என் வீட்டுக்காரரிடம் போனார். "அண்ணாச்சி, ஃபுட்பால் காணானா, கிரிக்கெட்டா?"

"கபடி" என்றேன் நான்.

அவர் சிரித்தார். "கபடிக்கு ஏதாயாலும் மதி சேச்சி."

"எதுவானாலும் மதின்னா, இத்தன டிவி எதுக்குத் தம்பி வச்சிருக்கிய?"

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசினார். ஹெர்ட்ஸ் என்றார், நூற்றிருபது என்றார், இன்னும் என்னென்னவோ. ஹெர்ட்ஸ் எனக்குத் தெரியாது, குதிகால் தெரியணும் என்றேன். என் போனிலிருந்து மகியின் மாவட்ட ஆட்டத்தை டிவியில் போடச் சொன்னேன். போட்டார். நான் கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

தம்பி பதறி நாற்காலி கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் சோபா கிடையாது. தரையில் உட்கார்ந்துதான் பார்ப்போம். நின்று பார்த்து வாங்கி, உட்கார்ந்து பார்த்து ஏமாற நான் தயாராக இல்லை.

"ஏட்டி, எந்திரி. ஆளுவ பாக்காவ" என்று வீட்டுக்காரர் காதோரம் சொன்னார்.

"பாக்கட்டும். நீங்களும் இரிங்க."

கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு அவரும் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் டிவியைப் பார்க்கவில்லை, கடைத் தரையைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு டைல்ஸ் மட்டமில்ல" என்றார் மெதுவாக. அதற்கப்புறம் அவருக்கு அந்தக் கடையில் கூச்சம் போய்விட்டது.

முதல் டிவி ஐம்பத்தைந்து இன்ச், பெரிய தள்ளுபடி. மகி ஓடும்போது அவள் காலுக்குப் பின்னால் இன்னொரு கால் இழுபட்டு வந்தது. தம்பி ரிமோட்டை எடுத்து எதையெதையோ மாற்றினார், இழுபடுவது குறைந்தது, போகவில்லை. இரண்டாவது டிவியில் கால் சரியாக இருந்தது, ஆனால் கீழேயிருந்து பார்க்கையில் படம் வெளுத்துப்போய்விட்டது. தலையைத் தூக்கினால் நிறம், இறக்கினால் சாம்பல். மூன்றாவதுதான் இந்த ஐம்பது. மகி ரெய்டு போனாள். முன்கால் கோட்டைத் தாண்டியது. பின்கால் பெருவிரல் கபடி விரிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்துக்குப் போட்டிருந்த சிவப்புச் சாயம் வரைக்கும் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குற்றம் கண்டுபிடித்ததற்காக இல்லை. என் மகள் அவ்வளவு பெரிசாக, அவ்வளவு தெளிவாக ஆடி நான் பார்த்ததே கிடையாது. அவள் பல்லைக் கடிக்கிறது தெரிந்தது. என்னை மாதிரியே கடிக்கிறாள்.

"சேச்சி, ஏதெங்கிலும் குழப்பம்?" என்று தம்பி பயந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. இதுதான். பில் போடுங்க" என்றேன்.

மாட்ட வந்தவர் அடுத்த வம்பு. சோபா உயரத்துக்குத்தான் மாட்டுவேன், அதுதான் அளவு என்றார். சோபா எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். கடைசியில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மாட்டிவிட்டுப் போனார். போகிற வழியெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

5

ஆட்டம் புதன்கிழமை மத்தியானம். காலையிலேயே என் அண்ணன் ஆறுமுகம் ஊரிலிருந்து போன் செய்தான். தமிழ்நாட்டு அணியில் மூலையில் நிற்கிற பெண் நமக்குப் பக்கத்து ஊர்க்காரி, அதனால் ஊரே பார்க்கப் போகிறதாம்.

"ஏட்டி பேச்சி, இன்னைக்கு யாருக்குக் கத்துவ?"

"எம் மவளுக்கு."

"அது செரி. டீமக் கேக்கேன்."

"எம் மவ எந்த டீமோ, அந்த டீமு."

"பொறந்த மண்ண மறந்துட்டியேட்டி" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் சொன்னான். எண்ணே, நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் மூலையில் நின்ற அந்தப் பெண் மகியின் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டபோது, வயிறு எரிந்துகொண்டே "என்னா பிடி!" என்று என் வாயில் வந்திருக்காது. அது நம் பக்கத்துப் பிடி. நான் பார்த்து வளர்ந்த பிடி.

அடுத்த வீட்டு லேகச் சேச்சி வந்திருந்தார். மகிக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதச் சொல்லிக்கொடுத்ததே சேச்சிதான், அந்த உரிமையில் எங்களைவிடச் சத்தமாகக் கத்தினார். நானும் கத்தினேன். கேரளாவுக்குத்தான் கத்தினேன். குழுவில் யாரோ கேட்டிருந்தீர்களே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நிமிஷம். தமிழ்நாட்டுக்கு ஒரு புள்ளி அதிகம். மகி ரெய்டு போனாள். எதிரே ஆறு பேர். யாரையும் தொட முடியவில்லை. சட்டென்று முன்காலை விட்டாள், போனஸ் கோட்டைத் தாண்டி வைத்தாள், திரும்பி ஓடி வந்து கையைத் தூக்கினாள். நடுவர் புள்ளி கொடுக்கவில்லை. விசில். ஒரு புள்ளியில் தோல்வி. கேரளப் பயிற்சியாளர் உள்ளே ஓடி வந்து நடுவரிடம் கையை நீட்டிப் பேசினார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். மகி மட்டும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கள்ளக்களி!" என்று லேகச் சேச்சி எழுந்தார். "பாண்டிகளுடெ ஸ்திரம் பணியா இது!"

பாண்டி என்றால் நாம்தான், இது நம் வழக்கமான வேலையாம். என் வீட்டில், என் தரையில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்கிறார். சேச்சி கெட்டவர் இல்லை. மகிக்காகக் கோபப்படுகிற வேகத்தில், நானும் அந்தப் பாண்டிதான் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

நான் ரிமோட்டை எடுத்து அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். நிறுத்தினேன். "சேச்சி, முன்காலைப் பாக்காதிய. பின்காலைப் பாருங்க" என்றேன்.

பெருவிரல் விரிப்பில் இருந்தது. முன்கால் கோட்டுக்கு அப்பால் பதிந்துவிட்டது, பின்கால் தூக்கவே இல்லை. இரண்டு தடவை போட்டுக் காட்டினேன். சேச்சி டம்ளரைக் கழுவி வைத்தார். வாசலில் நின்று, "பேச்சி எப்போழும் அவருடெ கூடெத்தன்னெ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எப்போதும் அவர்கள் பக்கம்தானாம்.

காலையில் அண்ணன், மத்தியானம் சேச்சி. ஒரே நாளில் இரண்டு பக்கத்தாரும் என்னைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

6

ஒரு மணி நேரம் கழித்து மகி கூப்பிட்டாள்.

"அம்மா, நீ கண்டோ?"

"பாத்தேன்."

"சார் பரிசோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போறார். போனஸ் ஆயிருந்துன்னு நான் ஒப்பிடணும்னு பறஞ்சு. எல்லாரும் ஒப்பிட்டாச்சு. நான் மட்டும்தான் பாக்கி."

சார் என்றால் பயிற்சியாளர், ஒப்பிடுவது என்றால் கையெழுத்துப் போடுவது. கடையில் உட்கார்ந்து அந்த டிவியைத் தேர்ந்தெடுத்தபோது இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தேர்ந்தெடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டுக்காரர் சொன்னபடி போனே மதி என்று இருந்திருப்பேனோ என்னவோ. கலங்கலாகத் தெரிந்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கலாம். அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மகி, பின்கால் தூக்கல."

வெட்டிவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். வெட்டவில்லை.

"எனக்கு அறியாம்" என்றாள். தெரியும் என்கிறாள். "கால் வச்சப்பவே எனக்கு அறியாம் அம்மா."

"அப்ப ஒப்பிடாத. சார்ட்ட சொல்லு."

"சொன்னா, தமிழத்தி ஆனதுகொண்டு அவங்களுக்காகப் பறயுதுன்னு சொல்லும். அடுத்த கொல்லம் என்னைய எடுக்க மாட்டாங்க."

அடுத்த வருஷ இடம் போய்விடும் என்று அவள் சொன்னது உண்மை. அதுதான் என் பயமும். ஒன்பது தடவை படியேறி வாங்கிய இடம். ஒரு கையெழுத்துப் போட்டால் நிலைக்கும், போடாவிட்டால் போகலாம். தாய் என்றால் போடு என்று சொல்லத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது.

"சொல்றவங்க சொல்லட்டும்" என்றேன். "நீ போயி உள்ளதச் சொல்லு. எடுக்காட்டா, ஏன்னு நான் வந்து கேக்கேன்."

அவள் போனாள். அங்கே நடந்ததை அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். சார் முதலில் நம்பவில்லையாம். உனக்கு யார் சொன்னது என்று கேட்டாராம். எனக்கே தெரியும், என் அம்மாவும் டிவியில் பார்த்தாள், அம்மா முன்னால் கோடு பார்த்தவள் என்றாளாம். மற்றப் பெண்கள் இவளையே பார்த்தார்களாம். சார் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நின்றெ அம்மா ஆருடெ கூடெயா?" என்று கேட்டாராம். உன் அம்மா யார் பக்கம்?

"நீ என்ன சொன்ன?"

"என்றெ கூடெ, சாரேன்னு பறஞ்சு."

காகிதத்தை அவர் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் எடுப்போம் என்றும் சொல்லவில்லை, எடுக்க மாட்டோம் என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ரயிலில் இரண்டு பெண்கள் இவளோடு பேசவில்லையாம், ஒருத்தி தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தாளாம். லேகச் சேச்சி நேற்று வந்து, குட்டி எப்போது வருகிறாள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஊர்க் குழுவில் நீங்கள் ஜெயித்த சந்தோஷத்தில் பட்டாசுப் படமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போடுங்கள். ஒழுங்காக ஜெயித்த ஆட்டம்தான். அதை ஒழுங்கான ஆட்டம் என்று எதிரணி முகாமில் நின்று சொன்னது என் மகள். அதையும் அந்தப் பட்டாசுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள் பார்ப்போம்.

நாளைக் காலை ரயில் வருகிறது. ஹோட்டலில் லீவு கேட்கவில்லை, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிளாட்பாரத்தில் அந்தச் சாரும் இறங்குவார். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினாலும் ஆட்டாவிட்டாலும், என் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால்தான் நடந்து வருவேன்.